சாட்சி நேரம்

2023ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வாரத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பருவம் தவறி மழை பெய்தது. அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்தது. அறுத்த நெல் களத்திலேயே நனைந்தது.

குடவாசலுக்குத் தெற்கே ஓர் அரிசி மில்லின் முற்றத்தில் அப்போது மூன்று அட்டிகள் நின்றன. நெல் மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, ஆள் உயரத்தைப் போல் மூன்று மடங்குக்கு அடுக்குவதைத்தான் அங்கே அட்டி என்பார்கள். மேலே தார்ப்பாய் இருந்தது. கீழே மரக்கட்டை போடவில்லை. அடிவரிசை மூட்டைகள் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்திருந்தன. மழைத் தண்ணீர் தரையோடு ஓடி வந்து அடிவரிசைக்குள் புகுந்தது. வெயில் திரும்பிய பிறகு மேலே இருந்த சாக்குகள் காய்ந்தன. அடியில் இருந்தவை உள்ளுக்குள் சூடேறி முளைவிட்டன.

சுமைதூக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி ஹபீப் முகம்மது. அவர் மேனேஜரிடம் போய்ச் சொன்னார்.

"அடி மூட்டை மெத்தை மாதிரி அமுங்குது சார். ஒரு தடவை பிரிச்சு அடுக்கிடலாம்."

"அதுக்கு ரெண்டு நாள் கூலி யாரு குடுக்கிறது? லோடு போகப் போக அடி தானா வெளிய வந்துடும் பாய்."

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை நடு அட்டியைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். ஓரத்தில் அடிமூட்டை ஒன்று கிழிந்து நெல் ஒழுகிக்கொண்டிருந்தது. சுமையாட்களில் ஒருவரான இராஜாங்கம் அதை இழுத்துப் பிடுங்கி, தலையில் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். சாக்கின் ஈரம் அவருடைய தலைத்துண்டில் இறங்கிக் கழுத்து வழியாகப் பனியனை நனைத்திருந்தது. அப்படியே அட்டி மேல் ஏறினார். உச்சியில் நிற்பது அவருடைய வேலை. கீழ்ப்படியில் முதுகு காட்டி நிற்கிறவர் மேல் கொக்கியால் மூட்டையைச் சாய்த்துவிட வேண்டும்.

மூட்டை வாங்கும் வரிசையில் சிங்கராயரின் முறை வந்தது. படியில் ஏறி முதுகைக் கொடுத்தார். மேலிருந்து இராஜாங்கம் குனிந்தபோது புளித்த வாடை ஒன்று சிங்கராயரின் முகத்தில் அடித்தது.

"காலங்காத்தாலயேவாடா?" என்றார் சிங்கராயர்.

"என்னது?"

சிங்கராயர் படியிலிருந்து இறங்கி, வேப்பமரத்தடியில் இருந்த தண்ணீர்ப் பானையைப் பார்த்து நடந்தார். டம்ளரைக் கையில் எடுத்தபோது பின்னால் மண்மேடு சரிகிற மாதிரி சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். அட்டியின் கிழக்குப் பக்கம் இல்லை. தூசிக்குள் யாரோ அம்மா என்று கத்தினார்கள். சற்று முன் அவர் முதுகு கொடுத்து நின்ற படியின் மேல் மூட்டைகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்கு அடியில் இராஜாங்கத்தின் வலது கால் இருந்தது.

முதலில் ஓடிப்போய் மூட்டைகளைப் புரட்டியவர் சிங்கராயர்தான். மில் வேனில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வரைக்கும் இராஜாங்கத்தின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனவரும் அவர்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன்புவரை அவரும் இராஜாங்கமும் ஒரே பாட்டிலில் குடித்தவர்கள். வேலை முடிந்து மதுக்கடைக்குப் போய், அங்கிருந்து ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சிங்கராயர் கதவை உதைப்பார். மனைவி அக்னஸ் திறக்கத் தாமதித்தாலும் அடி, உடனே திறந்தாலும் அடி. ஒரு முறை அவள் காது கிழிந்து தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு அக்னஸ் அக்கம்பக்கத்துப் பெண்களோடு பாஸ்டர் ஆண்டனியின் சபைக்குப் போக ஆரம்பித்தாள். அவளை இழுத்து வருவதற்காக ஒரு நாள் அங்கே போன சிங்கராயர், கடைசி வரிசையில் உட்கார்ந்து, கூட்டம் முடியும்வரை அழுதார். அப்புறம் குடிக்கவில்லை. வாய்க்காலில் முழுகி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்ட அன்று மத்தியானம், கதவின் உடைந்த தாழ்ப்பாளைக் கழற்றிப் புதுத் தாழ்ப்பாள் போட்டார்.

கடை இருக்கும் ரோட்டில் அவர் போவதில்லை. வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டுதான் மில்லுக்குப் போவார். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மேல் வாடை அடித்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். "பழைய மனுஷனுக்கு மூக்கு இன்னும் சாவல" என்று பாஸ்டரிடம் ஒரு தடவை சொன்னார். "ஓடுங்க பிரதர், ஓடுறது தப்பில்ல" என்றார் பாஸ்டர்.

*

சபை கூடும் இடம், முன்பு லாரி பட்டறையாக இருந்த தகரக் கொட்டகை. தரையில் இன்னும் எண்ணெய்க் கறை உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் வரும். அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து மைக்கில் சொல்லலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது, மகள் நர்சிங் பரீட்சை தேறியது, மாடு கன்று போட்டது. பாஸ்டரின் மனைவி ரோஸ்லின், மைக்குக்கு எதிரே ஸ்டாண்டில் போனை மாட்டி எல்லாவற்றையும் சபையின் யூடியூப் பக்கத்தில் நேரலையாகப் போடுவார்.

சிங்கராயர் எழுந்தால் பின்வரிசையிலும் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் போய் மைக்கைப் பிடித்தார்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். போன வியாழக்கெழம நான் செத்திருக்க வேண்டியவன். என்னோட வேலை பாக்குற இராஜாங்கம்னு ஒரு சகோதரன். அவருக்காக எல்லாரும் ஜெபம் பண்ணணும். அன்னிக்கு அவரு குடிச்சிட்டு அட்டி மேல ஏறிட்டாரு. மூட்டை வாங்கக் கிட்டப் போறேன், அந்த வாடை என் மூஞ்சில அடிக்குது. பழைய சிங்கராயனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? எனக்குக் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கியாடான்னு இன்னும் கிட்டப் போயிருப்பான்."

கொட்டகை சிரித்தது.

"ஆனா ஆண்டவரு, மகனே வெலகுன்னாரு. வெலகினேன். நாலு எட்டு வெச்சிருப்பேன். நான் நின்ன எடத்துல அம்புட்டு மூட்டையும் வந்து விழுந்துது. குடிச்சவரு கால் போச்சு. குடியை விட்டவன் இந்தா உங்க முன்னாடி நிக்கிறேன்."

"அல்லேலூயா" என்று பெண்கள் பக்கம் குரல் எழுந்தது. அக்னஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடிவரிசை நனைந்து கிடந்ததை சிங்கராயர் சொல்லவில்லை. அங்கே நின்றபோது அது அவர் நினைப்பிலேயே இல்லை.

அந்தக் காணொளியை நிறையப் பேர் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து மில் வாசலில் மேனேஜர் அவரை நிறுத்தி, "உன் சாட்சி பாத்தேம்ப்பா. நல்லாப் பேசுற" என்றார். அதற்கு முன் மேனேஜர் அவரிடம் அப்படி நின்று பேசியதில்லை. அன்று முழுக்க சிங்கராயர் சுமை தெரியாமல் நடந்தார்.

*

ஏப்ரலில் இராஜாங்கம் வீட்டுக்கு வந்துவிட்டார். காலில் தகடு வைத்திருந்தார்கள். இனி சுமை தூக்க முடியாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மில் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. அதில் வரும் பணத்தை வைத்து ஒரு பெட்டிக்கடை போடலாம் என்று அவர் மனைவி ஆனந்தவல்லி இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

டீக்கடையில் ஹபீப் மேஸ்திரி சிங்கராயரைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார்.

"உன் அல்லேலூயா எது வரைக்கும் போயிருக்கு தெரியுமா?"

"சொல்லுங்க பாய்."

"இன்சூரன்ஸ் ஆபீஸ் வரைக்கும். அட்டி சரிஞ்ச பழி தன் தலையில விழக் கூடாதுன்னு மேனேஜரு உன் வீடியோவை அவங்களுக்கு அனுப்பியிருக்காரு. குடிச்சிட்டு வேலை பாத்து அடிபட்டா ஒரு பைசா கெடையாதாம்."

சிங்கராயர் டீயைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்தாங்களா, அதுவும் இல்ல. பாட்டிலைப் பாத்தவன் உண்டா, அவனும் இல்ல. உலகத்துலயே சாட்சி நீ ஒருத்தன்தான். அதுவும் மைக்கப் புடிச்சு, கடவுள் பேரால" என்றார் ஹபீப். பிறகு, "எங்க பள்ளிவாசல்ல இந்தத் தொந்தரவு இல்லப்பா. பாவத்தை நேரா அல்லாகிட்ட சொல்லிடுவோம். அவருகிட்ட யூடியூப் கெடையாது" என்றார்.

"நான் பொய் சொல்லல பாய். வாடை அடிச்சுது."

"என் மூக்குக்கு அடிக்கலியே. அன்னிக்குக் காலைல நானும் அவன் பக்கத்துலதானே நின்னேன்?"

அன்று சாயங்காலம் சிங்கராயர் இராஜாங்கத்தின் வீட்டுக்குப் போனார். இராஜாங்கம் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சிங்கராயரைப் பார்த்ததும் கைகளை உயர்த்திக் கும்பிட்டார்.

"வா சிங்கம். என் கால் போனதுக்கு உங்க ஆண்டவருக்கு ஸ்தோத்திரமாமே. எனக்குப் போன்ல போட்டுக் காட்டினாங்க. கை தட்டுறாங்கடா."

"சும்மா இருங்க" என்றாள் ஆனந்தவல்லி. பிறகு சிங்கராயரிடம், "நீங்க எப்படிண்ணே அப்படிச் சொன்னீங்க? முந்தின நாள் இவுங்க குடிக்கவே இல்ல. எங்க அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயி ராத்திரி என்கூடத்தான் வந்தாங்க. காலைல பழைய சோறு சாப்பிட்டுட்டு நேரா வேலைக்கு வந்தாங்க."

"குடிச்சிருந்தா நானே சொல்லுவேன்டா. உங்கிட்ட எனக்கு என்ன மறைப்பு?" என்றார் இராஜாங்கம். "சரி, குடிச்சேன்னே வெச்சுக்க. நீயும் நானும் எத்தனை வருஷம் குடிச்சிட்டு அட்டி ஏறியிருக்கோம். ஒரு நாளாவது அட்டி சரிஞ்சுதா?"

சிங்கராயர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆனந்தவல்லி உள்ளே போய், ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த பாலிதீன் பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அன்னிக்கு உடுத்தியிருந்ததுண்ணே. உங்க துண்டு எதும் கலந்து கெடக்கா பாருங்க. துவைக்கப் போடணும். இத்தனை நாளா அவுக்கக்கூட நேரம் இல்ல."

சிங்கராயர் முடிச்சை அவிழ்த்தார். முதலில் வாடைதான் வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகத் திரும்பி, இராஜாங்கத்தின் தலைத்துண்டை எடுத்தார். அதன் மடிப்பில் முளைவிட்டுக் கறுத்த நெல் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மூக்கருகே கொண்டுபோனார்.

"இந்த வாடைதான்" என்றார்.

"எந்த வாடை?"

"அன்னிக்கு உம்மேல அடிச்சது."

"அது நெல்லு அழுகின வாடைண்ணே" என்றாள் ஆனந்தவல்லி.

இராஜாங்கம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் கால் அசைந்து வலித்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அடிமூட்டையடா அது. நான்தானே தூக்கிப் போட்டேன். அழுகின நெல்லை மோந்துட்டு ஆண்டவர் பேசுனாருன்னு ஓடியிருக்கே. ஓடுனவன் என்னையும் எறங்குடான்னு சொல்லியிருக்கலாம்ல?"

சிங்கராயர் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "இதை நான் எடுத்துட்டுப் போறேன்மா" என்றார்.

*

மறுவாரம் இன்சூரன்ஸ் விசாரணைக்குத் திருச்சியிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு மில் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தன் நாற்காலியில் இருந்தார். ஹபீப் கதவோரம் நின்றார். சிங்கராயரை உட்காரச் சொன்னார்கள். கையிலிருந்த கொக்கியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

வந்தவர் போனில் காணொளியை ஓடவிட்டார். தன் குரலையும் சனங்களின் சிரிப்பையும் சிங்கராயர் கேட்டார்.

"இது நீங்கதானே?"

"ஆமாங்க."

"இராஜாங்கம் குடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்க. வாடை அடிச்சுது. ஆனா அது சாராய வாடை இல்லைங்க. நனைஞ்ச நெல்லு வாடை. அடிமூட்டை புளிச்சுப்போயிக் கெடந்துது. அதனாலதான் அட்டியும் சரிஞ்சுது."

மேனேஜர் சிரித்தார். "இருவது வருஷமா நெல்லு தூக்குறவனுக்கு நெல்லு வாடை தெரியாதாம் சார்."

"மத்தவனுக்குத் தெரியும் சார்" என்றார் சிங்கராயர். "குடிச்சு விட்டவனுக்கு எது புளிச்சாலும் அதுவாத்தான் தெரியும்."

வந்தவர் தட்டச்சு செய்வதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். "அந்த மூட்டையெல்லாம் எங்க?"

"அவிச்சு அரைச்சு அரிசியாப் போயிடுச்சு" என்றார் மேனேஜர்.

"அன்னிக்குச் சாயங்காலமே அவிக்கப் போட்டுட்டாங்க சார். நாங்கதான் சொமந்தோம்" என்றார் ஹபீப்.

"பாய், உங்களை யாரும் கேக்கல."

சிங்கராயர் மடியிலிருந்து துண்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். வந்தவர் அதைத் தொடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "இதுல ரத்தமும் இருக்கு, வேர்வையும் இருக்கு. இதை நான் எப்படி எழுதுறது?" என்றார். துண்டை எடுத்துக்கொள்ளும்படி சைகை காட்டினார். "சரி, அப்ப சபையில நீங்க சொன்னது?"

வெளியே உமி தள்ளும் காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. சிங்கராயர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார்.

"பொய்யிங்க."

"கடவுள் முன்னாடி நின்னு பொய் சொன்னீங்களா?"

"குடிச்சிருப்பான்னு நெனச்சேன். நெனச்சதைப் பாத்த மாதிரி சொன்னேன். சாட்சி நல்லா வரணும்னு சொன்னேன். பொய்தாங்க அது."

"இருந்தாலும் தைரியம்தான்ப்பா" என்றார் மேனேஜர். "அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு."

சிங்கராயர் எழுந்தார். ஆணியில் தொங்கிய கொக்கி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஹபீப் ஓர் அடி முன்னால் வந்தார். சிங்கராயர் கொக்கியைப் பார்த்தார். பிறகு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வந்தவர் லேப்டாப்பை மூடினார். "நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. அங்க நீங்க பேசும்போது யாரும் உங்களைப் பேசச் சொல்லல. விபத்து நடந்து மூணாம் நாள் பேசியிருக்கீங்க. இப்ப உங்க மேஸ்திரி நிக்கிறாரு, அடிபட்டவரு உங்க கூட்டாளி. மேல இருக்கவங்க எதை நம்புவாங்க?" சற்று யோசித்து, "ஒண்ணு பண்ணுங்க. வர்ற ஞாயித்துக்கெழம அதே எடத்துல, அதே மைக்குல இதைச் சொல்லுங்க. அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்க. அதுக்கப்புறம்தான் என் ரிப்போர்ட்டை அனுப்புவேன்" என்றார்.

*

பாஸ்டர் ஆண்டனி வார நாட்களில் வண்டிகளுக்கு சீட் தைப்பார். கொட்டகையின் பின்பக்கம் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடி சிங்கராயர் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"விசாரணையில சொல்லிட்டீங்கல்ல பிரதர். அது போதும். சபையில வேணாம்."

"சபையில சொன்னதைச் சபையிலதானே பாஸ்டர் திருத்தணும்?"

"உங்க சாட்சியைப் பாத்துட்டு ரெண்டு குடும்பம் புதுசா வந்திருக்கு. ஒருத்தரு பாட்டிலை வாய்க்கால்ல வீசிட்டு வந்தேன்னு போன ஞாயிறு அழுதாரு. இப்பப் போயி அது பொய்ன்னு சொன்னா, நீங்க குடியை விட்டதும் பொய்ன்னுதான் அவங்க காதுல விழும். சின்ன விசுவாசிங்க. இடறிப்போவாங்க."

"பொய்யை மடியில வெச்சுக்கிட்டு, புது மனுஷன்னு எப்படி பாஸ்டர் நிக்கிறது?"

பாஸ்டர் ஊசியில் நூலைக் கோத்தார். இரண்டாவது தடவைதான் கோக்க முடிந்தது. "ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

அன்று ராத்திரி சோறு போடும்போது அக்னஸ் கேட்டாள். "சொல்லத்தான் போறீங்களா?"

"ம்."

"எனக்கு அந்தச் சாட்சி நெசமா பொய்யான்னு கவலை இல்லங்க. நீங்க குடிக்காம வீட்டுக்கு வர்றது நெசம். சபையில உங்களை ஏதாச்சும் சொல்லி, நீங்க அங்க போறதை விட்டுட்டீங்கன்னா?" அவள் கை காதுக்குப் போய்த் திரும்பியது. "அந்தக் கொட்டகையை விட்டா நமக்குப் போறதுக்கு வேற எடம் இல்ல."

"இராஜாங்கத்துக்கு?"

அக்னஸ் குழம்பை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்தது. ஒரு பெண் மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைத்ததைச் சொல்லி உட்கார்ந்தாள். சிங்கராயர் எழுந்தார். பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். போன் ஸ்டாண்டில் இருந்தது.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். போன மாசம் இதே எடத்துல நின்னு நான் சொன்ன சாட்சியில..."

பாஸ்டர் ரோஸ்லினைப் பார்த்தார். ரோஸ்லின் எழுந்து ஸ்டாண்டிலிருந்து போனை எடுத்து நேரலையை நிறுத்தினார். பிறகு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

சிங்கராயர் பார்த்தார். மைக்கை விடவில்லை. இராஜாங்கம் குடிக்கவில்லை என்பதையும், வாடை நெல்லின் வாடை என்பதையும், அடியில் கட்டை இல்லாமல் அட்டி போட்டதையும், தான் பொய் சொன்னதையும் கடைசி வரை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு கிழவி மட்டும் பாதியில் நிறுத்தினாள். பாஸ்டர் மைக்கை வாங்கி, "நமக்கு எல்லாருக்கும் இரக்கம் வேணும்" என்று சொல்லிப் பாட்டை ஆரம்பித்தார்.

கூட்டம் முடிந்து திரும்பும்போது சிங்கராயர் வாய்க்கால் கரைப் பக்கம் போகவில்லை. ரோட்டிலேயே நடந்தார். அக்னஸ் இரண்டு எட்டு பின்னால் வந்தாள். கடை வாசலில் கூட்டம் இருந்தது. யாரோ "சிங்கம், பாத்து ரொம்ப நாளாச்சே, வாடா" என்று கூப்பிட்டார்கள். வாடை ரோடு வரைக்கும் வந்தது. சிங்கராயர் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, நடையை வேகப்படுத்தாமல் தாண்டிப் போனார். அக்னஸ் அப்போதுதான் அவர் பக்கத்தில் வந்து சேர்ந்து நடந்தாள்.

மறுநாள் ஹபீப் மேஸ்திரி வேப்பமரத்தடியில் தன் போனில் அவரைப் பேசவைத்துப் பதிவு செய்தார். "ஸ்தோத்திரம்னு ஆரம்பி. அப்பதான் உன்னோட சரக்குன்னு நம்புவான்" என்றார். சிங்கராயர் அப்படியே ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். இடையில் மில் சங்கு ஊதியது. ஹபீப் "சீக்கிரம்" என்றதும் பதிவில் விழுந்தது. திருச்சிக்காரரின் எண்ணுக்கு அனுப்பினார்கள். இரண்டு நீலக் குறிகள் வந்தன. பதில் வரவில்லை.

மே மாதக் கடைசியில் இராஜாங்கத்தின் விண்ணப்பம் தள்ளுபடியானது. விபத்தின்போது அவர் மது அருந்தியிருந்தார் என்றும், சக தொழிலாளி தானாக முன்வந்து பொது இடத்தில் கூறியதே சான்று என்றும், அந்தத் தொழிலாளி பின்னர் சொன்னது ஏற்கத்தக்கதல்ல என்றும் காரணம் சொல்லியிருந்தார்கள். பார்த்து வைத்திருந்த இடத்தை ஆனந்தவல்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாற்று நடவுக்கு ஆள் சேர்ப்பவரிடம் தன் பெயரைச் சொல்லி வந்தாள்.

சபையின் யூடியூப் பக்கத்தில் சிங்கராயரின் முதல் சாட்சி அப்படியே இருந்தது. இரண்டாவது, "நான் சொன்ன சாட்சியில" என்ற இடத்தில் முடிந்தது.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தது. அந்த வாரம் மில்லில் வெளிமாவட்ட நெல் வந்து இறங்கியது. விபத்துக்குப் பிறகு மில்லில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார்கள்: குடித்திருக்கிறார்களா என்று ஊதிப் பார்க்கும் கருவி. காலையில் மேனேஜர் ஆபீஸ் வாசலில் அதை வைத்துக்கொண்டு நிற்பார். ஊதிக் காட்டாமல் யாரும் அட்டி ஏறக் கூடாது.

உச்சியில் நிற்கும் வேலையைச் சிங்கராயருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் குழாயில் வாயை வைத்து ஊதினார்.

"சைபர்" என்றார் மேனேஜர். "உன்னைப் பத்திக் கவலையே இல்லப்பா."

சிங்கராயர் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டார். சிமெண்ட் தரையில் நேரடியாக உட்கார்ந்திருந்த அடிவரிசையின் மேல் கால் வைத்து, அட்டியில் ஏறினார்.